பூஜ்யத்துக்குக் கீழே ஓடும் ஆறு

மணல்திட்டின் ஓரத்தில், தண்ணீர் மண்ணை நக்கிக்கொண்டிருந்த சரியான இடம் பார்த்து, கின்கேட் ஒரு வில்லோக் குச்சியைக் குத்தி நிறுத்தினான். அதன் தலையில் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் நாடா ஒன்றைக் கட்டினான். 'கட்டால்பா' கப்பல் எந்தத் திட்டில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றாலும் முதலில் நடக்கிற காரியம் இதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் தண்ணீர் குச்சியைத் தாண்டி ஏறுமா, குச்சியை விட்டு இறங்குமா என்று பந்தயம். தோற்றவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினான்கு பேரின் தட்டுகளையும், சமையல்காரர் சால்செடோ தீய்த்து வைத்திருக்கும் வாணலிகளையும் கழுவ வேண்டும். அந்த வாணலிகளை ஒருமுறை பார்த்தவர்கள் விளையாட்டுக்குப் பந்தயம் கட்டமாட்டார்கள்.

"ஏறும்" என்றாள் ஓலீத்தா பெட்டிஸ், சுக்கான் அறை ஜன்னலிலிருந்து தலையை நீட்டி.

கின்கேட் நிமிர்ந்து பார்த்தான். "நெசமாவா சீஃப்?"

"ஏறும்னு சொல்லிட்டேன்ல. எழுதிக்க."

"எழுதியாச்சு. அப்ப நான் எறங்கும்." கையுறையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே அவன் தளத்துக்கு ஏறி வந்தான். கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்த டில்மன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தான். ஓலீத்தா அதைக் கவனிக்கத்தான் செய்தாள். நல்ல காலைநேரம், நல்ல வெயில், ஆட்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கட்டால்பா கடலோரக் காவல்படையின் கப்பல்தான். ஆனால் கடலைக் கண்ணால் கண்டதில்லை. மிசிசிப்பியின் கீழ்ப்பகுதியில் இருநூறு மைல்தான் அதன் உலகம். கறுப்பு உடம்பு, தட்டை மூக்கு. முன்னால் பார்ஜ் என்கிற நீளமான தட்டைப் படகு ஒன்றைக் கட்டித் தள்ளிக்கொண்டே போகும். அந்த பார்ஜில் ஒரு கிரேன், படுத்துக்கிடக்கும் மிதவைகள், விளிம்பில் வரிசையாக, மிதவைகளுக்கு நங்கூரமாகும் கான்கிரீட் கற்கள், சுருட்டிவைத்த கம்பி வடங்கள். ஆழம் இருக்கும் பாதைக்கு இரண்டு ஓரத்திலும் மிதவை கட்ட வேண்டும். ஒரு பக்கம் சிவப்புக் கூம்பு, மறுபக்கம் பச்சை டப்பா. ஆறு அவற்றை இழுத்துக்கொண்டு போகும். திரும்பவும் கட்ட வேண்டும். இதற்கு முடிவு என்று ஒன்று கிடையாது. ஆற்றுக்குச் சலிக்காத வரை இவர்களுக்கும் சலிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஓலீத்தா இந்தக் கப்பலுக்குத் தலைவியாக வந்து மூன்று மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் ஒஹையோ ஆற்றில். அங்கே அணைக்கு அணை தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பார்கள். எவ்வளவு வறட்சி வந்தாலும் ஆறு ஓர் அளவுக்குக் கீழே போகாது. இங்கே ஓர் அணையும் இல்லை. மழை பெய்தால் காடுவரை ஏறும், பெய்யாவிட்டால் எலும்பு தெரிய இளைக்கும். பாரப்படகுகளைத் தள்ளிக்கொண்டு போகிற தள்ளுபடகுகளின் மாலுமிகள் அவள் வந்த வாரமே பெயர் வைத்துவிட்டார்கள்: அணைக்கட்டு அம்மணி. வைத்தவர் 'மிஸ் யூலா' என்ற தள்ளுபடகின் கேப்டன் அல்சீட் வெர்டின். முப்பத்தாறு வருஷமாக இந்த ஆற்றில் ஓட்டுகிறவர், அதை எல்லோருக்கும் வாரத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துகிறவர்.

பெயர் வைத்ததுகூட அவளுக்குப் பெரிசில்லை. தாங்க முடியாதது வேறு. அவள் மிதவை கட்டிவிட்டு வயர்லெஸ்ஸில் அறிவித்ததும் அவர்கள் "சரி, நன்றி" என்று சொல்வார்கள். சொல்லிவிட்டு, ஜூனில் ஓய்வுபெற்றுப் போன பழைய தலைவர் ட்வீடியின் வீட்டுக்குப் போன் போடுவார்கள். "அந்தம்மா இங்க கட்டிருக்காங்க, நம்பிப் போலாமா?" என்று கேட்பார்கள். தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அந்த மனிதர் பதில் சொல்வார். அதற்குப் பிறகுதான் படகு நகரும். இது ட்வீடியே அவளிடம் சிரித்துக்கொண்டு சொன்னது. அவளும் சிரித்தாள், வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் சமையலறை மேசையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிய மிதவையை யாரும் நம்பவில்லை என்றால் அது வெறும் வர்ணம் பூசிய தகரம். அதைக் கட்டினவளும் அப்படித்தான்.

இன்றைக்கு ஹாலோவே திருப்பம். ஆழப்பாதை மேற்குக் கரையை விட்டுக் கிழக்குக் கரைக்கு மாறுகிற இடம். அக்டோபர் வறட்சியில் நேற்று முன்தினம் அங்கே ஒரு பார்ஜ் மணலில் உட்கார்ந்து, பிறகு இழுத்து விடுவித்தார்கள். அதிலிருந்து யாரும் போகவில்லை. மேலே பதினொன்று, கீழே எட்டு, ஆகப் பத்தொன்பது தள்ளுபடகுகள் கரையோர மரங்களில் கட்டிக்கொண்டு காத்திருந்தன. அறுவடைக் காலம். மேலே நிற்கிறவை எல்லாவற்றிலும் சோயாவும் சோளமும். வரிசையில் முதல் ஆள் வெர்டின்.

காலை ஆறு மணிக்கு ஓலீத்தா காப்பியோடு உட்கார்ந்து நீர்மட்டக் கணக்கைப் பார்த்தாள். ஊருக்குப் பக்கத்திலிருக்கும் அளவுகோலில் ஆறு பூஜ்யத்துக்குக் கீழே போய் ஒரு மாதமாயிற்று. அங்கே பூஜ்யம் என்பது ஆற்றின் அடி இல்லை, எப்போதோ வைத்த ஒரு குறி. இன்றைக்கு மைனஸ் ஆறு புள்ளி எட்டு. அடுத்த மூன்று நாளுக்கு எதிர்பார்ப்பது ஏழு புள்ளி நாலு, எட்டு புள்ளி ஒன்று, எட்டு புள்ளி ஒன்பது. எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் சின்னக் கோடு இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, பத்தொன்பது வருஷப் பழக்கத்தில், எண் கூடுகிறது, தண்ணீர் வருகிறது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். ஒஹையோவில் எண் கூடினால் தண்ணீர் கூடும். வேறு எப்படியும் அவள் கண்டதில்லை. எங்கேயோ வடக்கே மழை பெய்திருக்கிறது, இரண்டடி ஏறப்போகிறது என்று அவளுக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது. ஏறப்போகிற ஆற்றில் அதிகம் பயப்பட வேண்டியதில்லை. பத்தரை அடி ஆழம் இருக்கும் கோடு வரைக்கும் பாதையை அகலமாக விடலாம். பாரம் ஏற்றிய பார்ஜ் ஒன்பது அடிதான் அமிழும்.

பத்தரை மணிக்குள் ஆறு மிதவைகள் போட்டு முடித்தார்கள். அவள் ஆழமானியைப் பார்த்துக்கொண்டு மேலிருந்து "விடு!" என்பாள். கின்கேட்டும் இரண்டு பேரும் கல்லை நெம்பித் தள்ளுவார்கள். வடம் சீறிக்கொண்டு பின்னால் போகும். மிதவை குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, நீரோட்டத்தில் சாய்ந்து நிற்கும். பாதை நூற்றெழுபது கெஜம் அகலத்துக்கு வந்தது. திருவிழாத் தெரு அகலம். வயர்லெஸ்ஸில் சொன்னதும் வெர்டினே வாயைத் திறந்தார்.

"அணைக்கட்டு அம்மணி, என்ன இவ்ளோ தாராளம்? நான் உள்ள வந்து படகைத் திருப்பிக்கிட்டே போலாம் போலருக்கே!"

"வாங்க, திரும்பிக் காட்டுங்க" என்றாள் ஓலீத்தா. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்தக் குரலில் கேலிக்குள் ஒரு பாராட்டு இருந்தது. அவள் காது வரைக்கும் சிரித்தாள். இரண்டு மணிக்கு வெர்டின் கட்டவிழ்க்கிறார் என்று முடிவாயிற்று.

மத்தியானம் திட்டில் திரும்பவும் மூக்கை முட்டினார்கள். தளத்தில் மீன் வறுவலும் சோள ரொட்டியும். கின்கேட் தட்டோடு இறங்கிப் போய்க் குச்சியைப் பார்த்தான். குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஈர மணல் ஒரு சாண் அகலத்துக்கு மேல் பளபளத்தது.

"சீஃப்!" என்று கூவினான். "வாணலி உங்களுக்குத்தான்!"

ஓலீத்தா வாயில் ரொட்டியோடு எட்டிப் பார்த்தாள். "எறங்கிருக்கா?"

"இல்லாம? ஆறு நாளா எறங்கிக்கிட்டுத்தான இருக்கு? நீங்க காலையில ஏறும்னதும் எங்களுக்கு ஒரே சிரிப்பு. பாவம் பசங்க வேலை செய்யறாங்கன்னு வேணும்னே தோக்கப் பாக்குறீங்கன்னு டில்மன் சொன்னான்."

ரொட்டியைத் தட்டில் போட்டாள். அவள் எழுந்து சுக்கான் அறைக்குப் போனாள். அந்தத் தாள் காப்பிக் கோப்பைக்கு அடியில் அப்படியே இருந்தது. மைனஸ் ஏழு புள்ளி நாலு. மைனஸ் எட்டு புள்ளி ஒன்று. மைனஸ் எட்டு புள்ளி ஒன்பது. ஒவ்வொரு கோடாக விரலை வைத்துப் பார்த்தாள். பூஜ்யத்துக்குக் கீழே எண் வளர வளர ஆறு தேய்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மூன்று நாளில் இரண்டடி ஏறாது, இரண்டடி இறங்கும். அவள் பத்தரை அடியில் கட்டிய மிதவைக்குப் பக்கத்தில் எட்டரை அடிதான் நிற்கும். பார்ஜுக்கு ஒன்பது வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்றைக்கு வெர்டின் போய்விடுவார், அதில் சந்தேகமில்லை. நாளைக்கும் சிலர் போய்விடுவார்கள். ஆனால் இவர்கள் தயங்கித் தயங்கி, மாற்றி மாற்றிக் கடந்தால் பத்தொன்பது படகுக்கும் மூன்று நாள் ஆகும். கடைசியில் வருகிறவன் அவள் மிதவையை நம்பி ஓரமாக வந்து மணலில் ஏறுவான்.

இன்னொன்றும் தோன்றியது, மறைக்க முடியாது. நாளைக்குக் காலையில் வந்து, மிதவைகள் நகர்ந்துவிட்டன என்று சொல்லி மாற்றிக் கட்டலாம். மிதவைகள் நகர்வது ஆற்றில் தினம் நடக்கிற சங்கதி. யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். வெர்டினின் பாராட்டும் கெடாது. ஒரு நிமிஷம் முழுக்க அவள் அந்த யோசனையோடு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் எவனாவது ஓரமாகப் போய் மணலில் ஏறினால் என்று நினைத்ததும் எழுந்துவிட்டாள். தன் மிதவையைத் தானே நம்பாமல், பத்தொன்பது பேரை நம்பச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

முதலில் தளத்துக்குப் போனாள். "எல்லாரும் கேளுங்க. காலையில போட்ட ஆறும் தப்பு. நான் கணக்கைத் தலைகீழாப் படிச்சுட்டேன். எல்லாத்தையும் புடுங்கணும்."

டில்மன் தட்டைக் கீழே வைத்தான். "ஆறையுமா?"

"ஆறையும். புடுங்கி, இருட்டுறதுக்குள்ள வேற எடத்துல கட்டணும்."

சால்செடோ மீன் சட்டியை மூடிக்கொண்டே, "அப்ப மிச்ச மீனு ராத்திரிக்கு" என்றார். அதற்குச் சிரிப்பு வந்து, ஆட்கள் எழுந்தார்கள். கின்கேட் மட்டும் பக்கத்தில் வந்து நின்றான். "நான் கேட்டுருக்கணும் சீஃப். இவ்ளோ அகலமா விடறாங்களேன்னு ஒரு நிமிசம் நெனச்சேன். வாயைத் தொறக்கல."

"இனிமே தொற. அதுக்குத்தான் உன்னை வச்சிருக்கேன்."

பிறகு மேலே ஏறி, வயர்லெஸ்ஸை எடுத்தாள். எல்லோரும் கேட்கிற அலைவரிசை. "எல்லாப் படகுகளுக்கும், இது கட்டால்பா. ஹாலோவேல காலையில கட்டின மிதவையை நம்பி யாரும் வராதீங்க. நீர்மட்டத்தை நான் தப்பாப் படிச்சுட்டேன். ஏறுதுன்னு நெனச்சேன், எறங்குது. தப்பு என்னுது. எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி கட்டறேன். முடிஞ்சதும் சொல்றேன்."

யாரோ ஒருவன் சிரித்து, சட்டென்று நிறுத்தினான்.

"அம்மணி," என்றது வெர்டினின் குரல், "மைனஸை முழுங்கிட்டீங்களா?"

"முழுங்கிட்டேன்."

"செரிச்சுதா?"

"இல்ல. இப்பத்தான் வெளிய எடுத்தேன்."

"முப்பத்தாறு வருசமா இந்த வயர்லெஸ்ஸைக் கேக்குறேன். மிதவை தப்புன்னு நாங்க கத்துவோம். கட்டுனவங்க வாயால இன்னிக்குத்தான் கேக்குறேன்." என்றார் வெர்டின். "சரி. இருட்டுற வரைக்கும் மரத்துலயே இருக்கேன். அதுக்கு மேல நாளைக்குத்தான்."

பிடுங்குவது கட்டுவதைவிடக் கஷ்டம். அதைவிடக் கஷ்டம் ஒன்று அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பார்ஜுக்கு ஒன்பது, இறங்கப்போவது இரண்டு, கைக்காவலுக்கு இரண்டு: இறங்குகிற ஆற்றுக்கு இன்றைக்குப் பதின்மூன்று அடியாவது வேண்டும். பழைய பாதையில் பதின்மூன்று அடிக் கோட்டுக்குக் கோடு அளந்தால் நாற்பத்தைந்து கெஜம்தான் தேறுகிறது. வெர்டின் தள்ளி வருவது ஐந்து ஐந்தாகக் கட்டிய இருபத்தைந்து பார்ஜ். அதன் அகலமே கிட்டத்தட்ட அறுபது கெஜம். தப்பை ஒப்புக்கொண்டாயிற்று, சரி. பாதைக்கு எங்கே போவது?

மூன்று மிதவை சுலபமாக வந்தன. நாலாவதில் கிரேன் முனகியது. பார்ஜ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"வரமாட்டேங்குது சீஃப்!" டில்மன் கூண்டிலிருந்து கத்தினான். "கல்லை மணல் மூடிருச்சு!"

"வடத்தை வெட்டு! வடத்துக்கு நேரா யாரும் நிக்காதீங்க, வெலகு, வெலகு!"

ஆட்கள் பின்னால் ஓடினார்கள். வெட்டின வடம் தளத்தில் சாட்டை மாதிரி அடித்துவிட்டு ஆற்றுக்குள் போனது. பார்ஜ் ஒரு குலுக்கலோடு நிமிர்ந்தது. கல் போனது போனதுதான். ஐந்தாவதற்கும் அதே கதி, ஆறாவது எப்படியோ வந்தது. ஓலீத்தா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் போட்ட கல். நாலு மணி நேரத்தில் எப்படி மூடியது? அப்படியென்றால் ஆறு இந்த இடத்தில் மணலைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டம் இங்கே களைத்துவிட்டது. அவ்வளவு பெரிய ஆறு எங்கேயும் போய்விடவில்லை. இங்கே கொட்டுகிறது என்றால் வேறெங்கோ தோண்டுகிறது.

எங்கே?

அவள் கருவித் திரைகளை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள். மேலே கரை முழுக்கக் காட்டன்வுட் மரங்கள், இலை பழுத்து உதிர்கிற காலம். ஆயிரக்கணக்கில் மஞ்சள் இலைகள் மிதந்து வந்துகொண்டிருந்தன. காலையிலிருந்தே வருகின்றன, அழகாக இருக்கிறது என்று பார்த்ததோடு சரி. இப்போது கவனித்தால், பாதி இலைகள்கூட இந்தப் பக்கம் வரவில்லை. ஆற்று நடுவில் இருந்த மணல்திட்டின் தலைமாட்டில் மிச்சமெல்லாம் சேர்ந்து ஒரு மஞ்சள் கயிறாகி, திட்டுக்கு இடதுபுறம் திரும்பி வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. இடதுபுறம் பாதையே கிடையாது. வரைபடத்தில் அங்கே வெறும் மணல்.

"கின்கேட்! சின்னப் படகை எறக்கு. கோலை எடுத்துக்க. அந்த எலை போற வழியில போ."

கோல் என்பது பதினான்கு அடி நீளக் கம்பு, அடிக்கு ஒரு நிறம் பூசியது. சின்னப் படகில் ஆழமானி இல்லை. கின்கேட் ஒரு கையால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கோலைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு போனான். குரல் வயர்லெஸ்ஸில் வந்தது. "ஒம்போது... ஒம்போதரை... பத்து." ஓலீத்தாவின் விரல்கள் மேசையைத் தட்டின. "பதினொண்ணு. பன்னெண்டரை." திட்டின் தலைமாட்டைத் தாண்டி அவன் சின்னதாகத் தெரிந்தான். கோலைத் தூக்கினான், குத்தினான். மறுபடி தூக்கினான். தோள்வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டுக் குத்தினான்.

"தட்டல!" கத்தலில் வயர்லெஸ் கரகரத்தது. "சீஃப், தரை தட்டல! கோலு முழுசா உள்ள போச்சு!"

"மேற்கால போய்ப் பாரு."

"தட்டல!"

"இன்னும் போ."

"இங்கயும் தட்டல சீஃப்! யம்மா, எவ்ளோ பெருசா வெட்டி வச்சிருக்கு!"

தளத்தில் ஆட்கள் சத்தம் போட்டார்கள். டில்மன் கிரேனின் மணியை வேண்டுமென்றே இரண்டு தரம் அடித்தான். ஓலீத்தா வரைபடத்திலிருந்த மணல் மேல் விரலை வைத்தாள். இறங்கிக்கொண்டே போன ஆறு தன் ஓட்டத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, யாருக்கும் சொல்லாமல் ஒரு வாரமாகத் திட்டுக்கு அந்தப் பக்கம் புதுவழி வெட்டியிருக்கிறது. தண்ணீர் நிறைய வரப்போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தவரை அவளுக்கு அது கண்ணில் படவில்லை. குறைகிறது என்று தெரிந்த பிறகுதான் தேடினாள்.

கட்டால்பாவை மெதுவாக உள்ளே விட்டாள். ஆழமானி பதினைந்து காட்டியது, பதினாறு காட்டியது. நூற்றுப்பத்து கெஜம் அகலம். மணி மூன்றரை. ஒன்பது மிதவை வேண்டும், கல்லும் மிச்சம் சரியாக ஒன்பதுதான் இருந்தது. ஒன்று தவறினாலும் வேறு கல் கிடையாது.

அதற்குப் பிறகு நடந்த வேலையை அந்தப் பதினான்கு பேரும் வெகுநாள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "விடு!" என்பாள், கல் விழும். "விடு!" என்பாள், அடுத்தது. சால்செடோ ஏப்ரனோடு வந்து வடம் எடுத்துக் கொடுத்தார். எஞ்சின் அறையிலிருந்து இரண்டு பேர் எண்ணெய்க் கையோடு ஏறி வந்து கல்லை நெம்பினார்கள். கின்கேட் ஒருமுறை மேலே பார்த்து, "சீஃப், இது எத்தனை அடி?" என்று கேட்டான். "பதினாலரை" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தள்ளினான். ஒவ்வொன்றுக்கும் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். ஒன்பதாவது, கடைசிப் பச்சை, விழுந்து புரண்டு எழுந்து நின்றபோது வெயில் மரங்களின் முதுகுக்குப் போயிருந்தது.

அவள் வயர்லெஸ்ஸை எடுத்தாள். "எல்லாப் படகுகளுக்கும், கட்டால்பா. ஹாலோவே தெறந்தாச்சு. பாதை நடுத்திட்டுக்கு இடது பக்கம் மாறிருக்கு. ஒம்போது மிதவை. எங்கயும் பதினாலுக்குக் கொறையாது."

"இடது பக்கமா?" வெர்டின்தான். "இருங்க."

இருந்தாள். என்ன செய்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் ஐந்து வருஷமாகப் போயிற்று. கின்கேட் படியில் நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மணி," என்றார் வெர்டின் திரும்பி வந்து. "ட்வீடிக்குப் போன் போட்டேன்."

"தெரியும். என்ன சொன்னாரு?"

"அந்தப் பக்கம் ஜென்மத்துக்கும் ஆழம் கெடையாது, போகாதேன்னாரு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா அவரு தக்காளித் தோட்டத்துல நிக்கிறாரு. நீங்கதான் தண்ணில நிக்கிறீங்க. அதுவுமில்லாம, தப்புன்னா தப்புன்னு நீங்களே சொல்லிடுவீங்கன்னு மத்தியானம் தெரிஞ்சுபோச்சு. கட்டை அவுத்தாச்சு. வர்றேன்."

கட்டால்பா வழியை விட்டு ஒதுங்கித் திட்டோரம் நின்றது. எல்லோரும் தளத்துக்கு வந்துவிட்டார்கள். வளைவில் முதலில் பார்ஜ்களின் தலை தெரிந்தது. ஐந்து அகலம், ஐந்து நீளம், நாலு ஏக்கர் இரும்பு, கடைசியில் வெள்ளையாக மிஸ் யூலா. ஆயிரத்துநூறு அடி நீளத்துக்கு அது ஆற்றை நிறைத்துக்கொண்டு வந்தது. திட்டின் தலைமாட்டில் எல்லோரும் வேகத்தைக் குறைப்பார்கள். வெர்டின் குறைக்கவில்லை. தலை இடதுபுறம் திரும்பியது, முதல் சிவப்புக்கும் முதல் பச்சைக்கும் நடுவில் நுழைந்தது. இரண்டாவது ஜோடி. மூன்றாவது. பார்ஜ் தள்ளிய அலையில் ஒரு பச்சை டப்பா முழுசாக முங்கிப்போனது. "அய்யோ" என்றான் டில்மன். அது முங்கின இடத்திலேயே எகிறி வெளியே வந்து, ஆடி, நின்றது. கல் நகரவில்லை.

மிஸ் யூலா அவர்களுக்கு நேராக வந்தபோது சுக்கான் அறையில் ஓர் ஆள் தொப்பியை எடுத்தது தெரிந்தது. ஊதல் ஒரே நீளமாக ஊதியது. இரண்டு கரையிலும் அது மோதித் திரும்பி வந்தது. கின்கேட் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினான். சால்செடோ யாரையோ கட்டிப்பிடித்தார். ஓலீத்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"ஏழாவது வருசத்துலயாவது இந்த ஆத்தைப் படிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன், மூணாவது மாசத்துலயே படிச்சுட்டீங்க" என்றது வயர்லெஸ். "அடுத்தவனை அனுப்பறேன். பயப்படாம வாங்கடா, அணைக்கட்டு அம்மணி கட்டுனது!"

இரவுச் சாப்பாடு முடிந்ததும் கின்கேட் ஏப்ரனைக் கொண்டுவந்து நீட்டினான். "விட்டுடலாம் சீஃப். இன்னிக்குப் போய்..."

"பந்தயம்னா பந்தயம்" என்று அதைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டாள். பதினான்கு தட்டு, நாலு வாணலி. ஒரு வாணலியின் அடியில் மீன் தோல் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு சுரண்டத் தொடங்கினாள். தொட்டிக்கு மேலே சின்ன வட்ட ஜன்னல். வெளியே இருள் முழுசாக இறங்கவில்லை. ஒரு தள்ளுபடகின் தேடுவிளக்கு ஆற்றைத் தடவி, சிவப்பு மிதவையைத் தொட்டு, பச்சையைத் தொட்டு, நடுவில் வழி பார்த்தது.

நேராக வந்ததும் ஊதல் ஊதியது. அது போய்ச் சற்று நேரத்தில் அடுத்தது வந்தது, அதுவும் ஊதியது. யாரும் யாரையும் போனில் கேட்டதாகத் தெரியவில்லை, வருகிற வேகத்தைப் பார்த்தால். அவள் சோப்புக் கையோடு எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு. ஐந்து. ஒவ்வொன்று கடக்கும்போதும் கப்பல் மெதுவாக ஆடியது, அலமாரியில் அடுக்கியிருந்த தட்டுகள் கிணுகிணுத்தன. தொட்டியிலிருந்த நுரைத் தண்ணீர் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சாய்ந்து ஏறி, அவள் முழங்கையை நனைத்துவிட்டு இறங்கியது.

ஆறு.